ஒன்பது மாதம் ரோடு, மூன்று மாதம் வாய்க்கால்

12 ஆகஸ்ட் 2024

அனுப்புநர்: சா. தாவீது, ஓட்டுநர், சர்ச் தெரு, நாவல்தாங்கல், வல்லம் வடகால் அருகில்.
பெறுநர்: மக்கள் கருத்துப் பிரிவு, நிலவரை நகரமைப்பு ஆலோசகர்கள், சென்னை.
பொருள்: புதுநகர் வளர்ச்சி வரைவுத் திட்டம், தாள் எண் 14, ஆட்சேபணை.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

நான் மேற்படி ஊரில் பிறந்து நாற்பத்திரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறேன். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறேன். நீங்கள் போட்டிருக்கும் வரைபடத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரிய தவறு இருக்கிறது.

எங்கள் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடத்துக்குக் கோடி என்று பேர். கோடியில் விழுகிற தண்ணீர் ஊருக்குக் கிழக்கே ஒண்ணேகால் கிலோமீட்டர் கால்வாயில் ஓடி, வாலாஜாபாத் போகிற மெயின் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலத்தில் நுழைந்து அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். உங்கள் தாளில் அந்தக் கால்வாயைக் காணோம். அதே இடத்தில் எண்பது அடிச் சாலை என்று போட்டிருக்கிறது. சாலைக்கு இரண்டு பக்கமும் நாற்பது ஏக்கருக்கு மஞ்சள் அடித்து, தொழிலாளர் குடியிருப்பு, எட்டாயிரம் பேர் என்று எழுதியிருக்கிறது. மழை பெய்தால் அந்த எட்டாயிரம் பேரும் எங்கே போவார்கள் என்று எழுதவில்லை.

இதைப் போன வாரம் வல்லக்கோட்டை கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக்கிலேயே சொன்னேன். மேடையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அம்மா, உங்கள் பெயர், ஊர் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். தட்டிக்கொண்டார். எழுத்துபூர்வமாகக் கொடுங்கள், அடுத்தவர் வரலாம் என்றார். அந்த அம்மாவுக்கு என் பெயர் தெரியாதா, ஊர் தெரியாதா? என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். பத்தாவது வரைக்கும் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள். மண்டபத்தில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

இது மனுவில் எழுத வேண்டிய விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும். பேனா நிற்கவில்லை.

ஆகவே கால்வாயைக் கால்வாயாகவே காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். போனில் யாரும் பேச வேண்டாம். அந்த அம்மாவின் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டேன். சொன்னபடியே எழுத்துபூர்வமாக வரட்டும்.

இப்படிக்கு,
சா. தாவீது

•

26 ஆகஸ்ட் 2024

ஐயா,

தங்கள் ஆட்சேபணை பெறப்பட்டு 117 என்ற எண்ணில் பதிவு செய்யப்பட்டுள்ளது. மேற்படி இடம் செயற்கைக்கோள் படத்திலும் கள ஆய்விலும் வாகனப் போக்குவரத்து உள்ள பாதையாகக் காணப்படுகிறது. மாற்று ஆதாரம் இருப்பின் டிசம்பர் 20-க்குள் சமர்ப்பிக்கவும்.

ஷெர்லின் சா.
திட்ட உதவியாளர்

அண்ணா, தாளைத் திருப்பு.

மேலே உள்ளதை டைப் அடிக்க எனக்கு நாலு நிமிடம் ஆனது. இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாளாகிறது. நீ போனை எடுப்பதில்லை. அண்ணி போனுக்கு அடித்தால், அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று ரகசியக் குரலில் சொல்லி வைத்துவிடுகிறார். அதனால் கையால் எழுதுகிறேன்.

மைக்கில் பேசுகிற ஒவ்வொருவரிடமும் பெயரும் ஊரும் கேட்டுப் பதிய வேண்டும் என்பது விதி. கேட்காமல் நானே உன் பெயரைத் தட்டியிருந்தால், இவள் அண்ணனுக்கு மட்டும் தனிச் சலுகை என்று ஹேமந்த் சார் அங்கேயே கேட்டிருப்பார். அவர்தான் இந்தத் திட்டத்துக்கு மேலாளர். உன் பெயரை நான் இரண்டு தடவை தப்பாகத் தட்டியது உனக்குத் தெரிய நியாயமில்லை. நீ மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடாமல்கூடப் போனாய். உன் சாப்பாட்டு டோக்கன் என் பையிலேயே இருக்கிறது.

தாள் 14-ஐ வரைந்தது நான். வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு திட்டாதே. நேராக என்னையே திட்டு.

ஷெர்லின்

•

9 செப்டம்பர் 2024

ஷெர்லின்,

நேராகவே திட்டுகிறேன்.

நீ வரைந்ததா? அந்தக் கால்வாயில் 2005 மழையில் உன் ஒரு செருப்பு போனது. மற்ற செருப்பையும் கோபத்தில் நீயே தூக்கிப் போட்டாய். அந்தத் தண்ணீரை உன் செயற்கைக்கோள் பார்த்திருக்காது. நீ பார்த்தாய் அல்லவா?

ஆதாரம் கேட்கிறாய். அந்த இடம் ஒன்பது மாதம் ரோடு, மூன்று மாதம் வாய்க்கால். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஜனவரியில் இருந்து அதில் வண்டி போகும், ஆடு போகும், என் பஸ்ஸும் போகும். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுவோம். 2021-இல்கூட ஓடியது. உங்கள் மேப்பில் ஒரு இடத்துக்கு இரண்டு பெயர் எழுத இடம் இல்லையென்றால் அது மேப்பின் குறை. அதற்காக ஊரை மாற்ற முடியாது.

இதில் உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. உன் மேப்பு வெளியாகும் முன்பே ஒருத்தர் மெயின் ரோட்டை ஒட்டி, கால்வாய்ப் பக்கத்தில் பள்ளத்தை மண் போட்டுத் தூர்த்து மூணு மாடி ஹாஸ்டல் கட்டிவிட்டார். நூற்றிப் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எல்லாரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். அவர்களை நான்தான் காலையில் ஏற்றுகிறேன். அதில் முத்துச்செல்வி என்று ஒரு பெண், சாத்தான்குளம் பக்கம். போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நேற்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் பேச்சுவாக்கில் காட்டிய ஏரிக்கரையையும் கோடியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் கேட்டாள்:

“அண்ணாச்சி, இது மறுகால்லா? எங்க ஊர்ல மறுகால் தண்ணி போற வழியில மாட்டுக்குக்கூட தொழுவம் போட மாட்டாவ. எங்களை மட்டும் ஏன் இதுல கொண்டாந்து வச்சிருக்காவ?”

கோடிக்கு அவர்கள் ஊரில் மறுகால் என்று பேராம். சென்னையில் என் தங்கச்சியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன். சொல்.

தாவீது

•

30 செப்டம்பர் 2024

அண்ணா,

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கிழித்துவிடாதே.

இந்தத் திட்டத்துக்காக நான் எழுபது அறைகளுக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர், எட்டுப் பேர். ஒருத்தி எழுந்து ஷிப்டுக்குப் போனால் அந்தப் பாயில் இன்னொருத்தி வந்து படுக்கிறாள். குழாய் ஒன்று, கக்கூஸ் ஒன்று. ஓரகடத்தைச் சுற்றி எந்த வயல் விலைக்கு வருகிறதோ அதில் ஒரு கட்டடம், ரோடு இல்லாமல், சாக்கடை இல்லாமல். இப்படியே விட்டால் இன்னும் பத்து வருடத்தில் நகரமும் இருக்காது, கிராமமும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குப்பைமேடுதான் இருக்கும். இங்கே வீடு, இங்கே ஆலை, இங்கே நெல், இதைத் தொடாதே என்று யாராவது கோடு போட்டே ஆக வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். உன் ஊருக்கு மேற்கே முந்நூறு ஏக்கர் நெல்லை யாரும் தொட முடியாதபடி பச்சையில் அடைத்து வைத்ததும் நான்தான். அதைப் பற்றி மைக்கில் ஒருத்தரும் பேசவில்லை. நீயும் பேசவில்லை.

எட்டாயிரம் பேருக்கு இடம் வேண்டும். ஆலைக்கு நடந்து போகிற தூரத்தில், ரோட்டை ஒட்டி, சேர்ந்தாற்போல் நாற்பது ஏக்கர் வேறு எங்கும் கிடைக்கவில்லை.

ஆதாரத்துக்கு வருகிறேன். கால்வாய் என்று நீ ஒருத்தன் சொல்கிறாய். ரோடு என்று அறுபத்துமூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். 2019 ஜூன் மாதம் உன் ஊர்க்காரர்கள் பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனு எங்கள் கோப்பில் இருக்கிறது. ‘மேற்படி இடம் நினைவு தெரிந்த நாள் முதல் பொதுமக்கள் பயன்படுத்தி வரும் வண்டிப்பாதை, இதில் நீரோட்டம் ஏதும் இல்லை’ என்று தெளிவாக இருக்கிறது. அதை வைத்துத்தான் கிராம சபை தீர்மானம் போட்டது, கிராவல் கொட்டியது. முதல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஷெர்லின்

•

8 அக்டோபர் 2024

பாப்பா,

கையெழுத்து என்னுடையது. இல்லை என்று எப்போது சொன்னேன்? எழுத்து யாருடையது?

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருடம் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கம்பெனி பஸ் ஊருக்குள் வராது, மெயின் ரோட்டில்தான் நிற்கும். உன் அண்ணி ஆறு மணி ஷிப்டுக்கு அந்த வெயிலிலும் இருட்டிலும் நடந்து போய் வந்து இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். காய்ந்த கால்வாயில் கிராவல் போட்டால் பஸ் உள்ளே வரும் என்று ஊரே சொன்னது. மனு எழுதத் தெரிந்தவர் யார் என்று பார்த்தார்கள். என் தங்கச்சி டவுன் பிளானிங் படித்திருக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது நான்தான்.

வாட்ஸப்பில் அனுப்பினாய். படித்துப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். “நீரோட்டம் இல்லைன்னு போட்டுக்கீற, மழையில ஓடுமே பாப்பா?” என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “அந்த வரி இல்லன்னா மனு நிக்காது. போட்டுக்கண்ணா, யாரு வந்து பாக்கப் போறாங்க.”

நீதான் வந்து பார்த்திருக்கிறாய்.

உன்மேல் மட்டும் பழி போடவில்லை. பஸ் மெயின் ரோட்டில் ஏறுவதற்கு ஒரு மண்மேடு போட்டோமே, அது சரியாகப் பாலத்தின் வாயில் போட்டது. 2021-இல் தண்ணீர் அதை அறுத்துக்கொண்டு போனது. நாங்கள் புத்தி வராமல், இடித்த கட்டடக் கல்லையும் கான்கிரீட்டையும் கொட்டி முன்னைவிட உயரமாகக் கட்டினோம். முன்னால் நின்று கொட்டச் சொன்னவன் நான். மூன்றே நாளில் பஸ் விட்டோம் என்று எனக்கு மாலைகூடப் போட்டார்கள்.

அந்த வரி பொய் என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும், ஆனால் ஊர் சொல்லாது. பஸ் நின்றுபோகும். நீ சொல். நான் என்ன செய்யட்டும்?

தாவீது

•

11 நவம்பர் 2024

அண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். என்னால் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை, ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் ஜன்னலைத் திறந்தால் வெயில் அடிக்கிறதே என்று கவலை. நான் மட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஞாபகம் இருந்தது. மார்ச் மாதம் அந்த மனுவின் நகல் என் மேஜைக்கு வந்தபோதே தெரிந்தது. என் வரியை நானே படித்தேன். ‘நீரோட்டம் ஏதும் இல்லை.’ எப்படி அழகாக எழுதியிருக்கிறேன் பார் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அது பொய் என்று உறைத்தது. அன்றைக்கே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரசாங்க முத்திரை குத்திய தாள், அறுபத்துமூன்று கையெழுத்து, நான் யார் மறுக்க என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ரோடு வரைந்தேன். மண்டபத்தில் நீ மைக்கைப் பிடித்தபோது நான் தடுமாறியது விதிக்குப் பயந்து இல்லை. அந்த மனுவைப் பற்றிச் சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. 2019 மனுவில் எழுதியது தவறு என்று முதல் கையெழுத்துப் போட்ட நீ ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். நோட்டரி முத்திரையோடு. அதை வைத்து நான் தாளைத் திருத்திவிடுவேன். மனுவை எழுதிக் கொடுத்தது யார் என்பது அதில் வர வேண்டிய அவசியம் இல்லை. வந்தால் எனக்கு வேலை போகும். திட்டத்தையே சந்தேகப்படுவார்கள், அந்த முந்நூறு ஏக்கர் பச்சையும் சேர்ந்து போகும்.

இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஷெர்லின்

•

16 நவம்பர் 2024

ஷெர்லின்,

பொய் சொன்னது நான் மட்டும் என்று எழுதித் தர வேண்டும். அதுதானே?

தருகிறேன். ஊரில் இனி எனக்கு ஒரு டீ கூடக் கிடைக்காது, அது பரவாயில்லை. ஆனால் ஒன்று. என்னையும் உன்னையும் ஒரே வீட்டில்தான் வளர்த்தார்கள். நீ எங்கே இதைக் கற்றுக்கொண்டாய் என்று யோசித்து யோசித்து எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கை வரவில்லை.

ஏரியில் இன்னும் இரண்டு அடிதான் பாக்கி. வானம் மூடியே கிடக்கிறது.

தாவீது

•

3 டிசம்பர் 2024

அண்ணா,

புயல் கரையைக் கடந்ததிலிருந்து உன் போனும் அண்ணி போனும் கிடைக்கவில்லை. உன் நம்பரில் நான் இன்னும் தடுக்கப்பட்டிருக்கிறேனா, டவர்தான் இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. நேற்று பஸ் பிடித்து வந்தேன். படப்பையைத் தாண்ட விடவில்லை, ரோட்டில் தண்ணீர், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓரகடம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தண்ணீர் புகுந்தது என்று டிவியில் இரண்டு வினாடி காட்டினார்கள். கட்டடத்தின் கலர் தெரியவில்லை. அந்த ஹாஸ்டல் என்ன கலர் என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

அந்தப் பெண் முத்துச்செல்வி எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஷெர்லின்

•

10 டிசம்பர் 2024

பாப்பா,

ஹாஸ்டல் ரோஸ் கலர். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் இதைப் படித்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைப் படி.

ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏரி கோடி போனது. மூன்று வருடத்துக்கு அப்புறம் போகிறது. ஊர் வழக்கப்படி கோடியில் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, ஆளுக்கு ஆள் போட்டோ எடுத்தார்கள். நானும் சர்ச்சிலிருந்து நேராகப் போய்ச் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கிராவல் ரோட்டின் மேலேயே ஓடியது. ரோடு என்று அதற்குத் தெரியவில்லை. பழைய வழியிலேயே போய், பாலத்தின் வாயில் நாங்கள் கட்டிய மேட்டில் முட்டியது. முட்டித் திரும்பியது.

பதினொரு மணிக்கு முத்துச்செல்வி போன் செய்தாள். “அண்ணாச்சி, தண்ணி கட்டில் கால் வரைக்கும் வந்துட்டு. ஜெனரேட்டர் நிக்கிற ரூமுக்குள்ளயும் போகுது. வாசலுக்கு இறங்கினா இடுப்புக்கு மேல இழுக்கு. நாங்க எங்க போக?” மாடிக்குப் போங்கள், யாரும் கீழே இறங்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள் என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது.

மேட்டை வெட்டினால்தான் தண்ணீர் போகும். வேறு வழி கிடையாது. லோகேஷ் வீட்டு வாசலில் அவன் ஜேசிபி நின்றது. எடுடா என்றேன், எடுத்தான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊரில் பாதி அங்கே வந்துவிட்டது. மேட்டின் நடுவில் அம்சவல்லி அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் நைட் ஷிப்ட்.

“ரோடு போச்சுன்னா பஸ்சு வராது. ராவுல என் பொண்ணுங்க ஒண்ணேகால் கிலோமீட்டர் நடக்கணுமா? நீதானே தாவீது முன்னாடி நின்னு வாங்கிக் குடுத்தே? இப்போ நீயே வந்து வெட்றியே, இன்னா நாயம் இது?”

எனக்கு அந்தக் கேள்வியில் தப்பே தெரியவில்லை. அதனால்தான் கோபம் வரவில்லை. “வாங்கிக் குடுத்ததுதான்கா தப்பு. இது வாய்க்கா. வாய்க்கான்னு தெரிஞ்சேதான் நான் ரோடுன்னு கையெழுத்துப் போட்டேன். உள்ள நூறு பொண்ணுங்க கீறாங்க. நவுருக்கா” என்றேன். ஊர் முழுக்க நின்று கேட்டது. உன் நோட்டரி முத்திரையைவிட அது பெரியது.

அக்கா திரும்பி ஹாஸ்டலைப் பார்த்தது. அப்புறம் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கியது. மேட்டை உடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. கான்கிரீட்டை அவ்வளவு பலமாகப் போட்டிருந்தோம். ஒரு வாய் திறந்ததும் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. நாலு மணிக்கு ஹாஸ்டல் படிக்கட்டு தெரிந்தது. பெண்களைக் கயிறு பிடித்துக் கூட்டிவந்து சர்ச் ஸ்கூலில் தங்க வைத்தோம். முதல் ஆளாக அம்சவல்லி அக்காதான் வீட்டிலிருந்த நைட்டி, தாவணி எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்தது. என்னோடு மட்டும் இன்னும் பேசவில்லை.

இப்போது பஸ் உள்ளே வருவதில்லை. ஊரே மெயின் ரோட்டுக்கு நடக்கிறது, உன் அண்ணியும்தான். பொதுச்சாலையைச் சேதப்படுத்தினேன் என்று பஞ்சாயத்திலிருந்து புகார் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் வண்டியைத் தொட வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலையில் எழுந்து போய் அந்த வெட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ கேட்ட வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். வாலாஜாபாத்தில் நோட்டரி போட்டு வாங்கினேன். உன் பெயர் அதில் இல்லை.

தாவீது

•

19 டிசம்பர் 2024

அண்ணா,

நீ அனுப்பியதை நான் பயன்படுத்தவில்லை. இதோடு திருப்பி வைத்திருக்கிறேன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அறிந்தே பொய்யான தகவல் கொடுத்தேன் என்று நீ எழுதியிருக்கிறாய். கேள்வி கேட்டவன் நீ. பொய்யை எழுதியவள் நான். அப்படியே கோப்பில் சேர்த்திருந்தால் என் வாழ்நாளில் நான் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

ஹேமந்த் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, “நீங்க எழுதிக் குடுக்கலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்லை ஷெர்லின். அண்ணன் வாக்குமூலமே போதுமே” என்றார். நான் உன்னிடம் கேட்டதையேதான் அவர் என்னிடம் சொன்னார். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். 2019 மனுவை எழுதியது நான், அதிலுள்ள வரி பொய் என்று தெரிந்தே எழுதினேன், அதே பொய்யை வைத்துத் தாளும் வரைந்தேன் என்று. என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பிப்ரவரிக்கு மேல் இந்த மேஜை எனக்கு இருக்குமா தெரியாது.

ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். தாள் 14-இல் உன் கோடிக்கால்வாய் நீலத்தில் இருக்கிறது, கோடியிலிருந்து பாலம் வரைக்கும். இரண்டு கரையிலும் ஐம்பது அடி வெறும் இடம். மஞ்சளை மேட்டு நிலத்துப் பக்கம் தள்ளிவிட்டேன். அங்கே மூவாயிரம் பேருக்குத்தான் இடம் இருக்கிறது. மிச்சம் ஐயாயிரம் பேர் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரியவில்லை என்றே குறிப்பில் எழுதி வைத்தேன். நெல்லின் பச்சை இதுவரை தப்பித்திருக்கிறது. மேலே ஒப்புக்கொள்வார்களா என்பது இனிமேல்தான்.

கரையை ஒட்டி ஒரு ரோடும், மெயின் ரோட்டில் ஒரு பாலமும் போட்டால் பஸ் உள்ளே வரலாம். தண்ணீரும் போகலாம். புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறேன். புள்ளிக்கோடு என்றால் யாராவது கேட்டால்தான் வரும் என்று அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஷெர்லின்

•

2 ஜனவரி 2025

பாப்பா,

கிறிஸ்துமஸுக்கு நீ வராததற்கு அண்ணி என்னைத்தான் திட்டினாள். உன் பங்குக் கேக்கை ஒரு வாரம் யாரையும் தொட விடவில்லை. நேற்றுதான் எறும்பு வந்தது.

முத்துச்செல்வியும் இன்னும் நாலு பேரும் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவிலேயே வாடகைக்கு வந்துவிட்டார்கள். மிச்சப் பேர் அதே ரோஸ் கலர் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். வேறு இடம் இல்லை. நீ எழுதிய அந்த ஐயாயிரம் பேர் கணக்கு எனக்கு இப்போது புரிகிறது. உன் நெல்லைப் பற்றி மைக்கில் நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அது என் தப்பு.

புள்ளிக்கோட்டை வைத்து ஒரு மனு எழுதினேன். இந்தத் தடவை உன்னைக் கேட்கவில்லை, நானே எழுதினேன். ‘மேற்படி இடம் ஏரியின் கோடிக்கால்வாய். மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும். இதை ரோடு என்று நாங்கள் 2019-இல் எழுதிக் கொடுத்தது தவறு. எங்கள் பெண்கள் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். ஆகவே கரையில் ரோடும் மெயின் ரோட்டில் பாலமும் வேண்டும்.’ இவ்வளவுதான். பலமாக இருக்கிறதா தெரியாது. படித்துப் பார்த்தேன், உனக்குப் போன் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.

வீடு வீடாகப் போனேன். தவறு என்ற வார்த்தையைப் பார்த்து நிறையப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அம்சவல்லி அக்கா வாங்கி இரண்டு தடவை படித்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அப்புறம் அதுவே மனுவைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தது. இதுவரைக்கும் நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. பொங்கலுக்குள் கொடுக்க வேண்டும்.

போன தடவை எழுதியவள் கையெழுத்துப் போடவில்லை. அதனால் இந்தத் தடவை முதல் இடத்தைக் காலியாக விட்டு, இரண்டாவதில் நான் போட்டிருக்கிறேன். உன் ஓட்டு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது, லிஸ்டில் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், மிச்சம் நடக்க வேண்டும். நான் சைக்கிளோடு நிற்கிறேன். பெயர் ஷெர்லின், ஊர் நாவல்தாங்கல் என்று நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தாவீது